எண்ணூர்க் கழியோரம் 4 ஏக்கர்: அலையாத்திக் கன்று நிற்க மாட்டேன் என்கிறது, என்ன செய்யலாம்?

கழிக்கரை கேட்டது:
வணக்கம். எண்ணூர்க் கழியை ஒட்டி சுமார் 4 ஏக்கர் இடம். பாதியில் கட்டட இடிபாடு கொட்டி மேடாகி, சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. மீதி தாழ்வு; மழைக்குப் பின் தண்ணீர் தேங்கும், கோடையில் உப்புப் பூக்கும். ஒரு ஓரம் அனல்மின் நிலையச் சாம்பல் படிவு. மழைநீர் வடிகால் ஒன்றும் வந்து விழுகிறது. இரண்டு முறை நட்ட அலையாத்தி (உப்புச் சேற்றில் வளரும் மரம்) கன்றுகள் ஒரு வருடம் தாங்கவில்லை. குடியிருப்போர் சங்கம், குப்பத்து இளைஞர்கள், கல்லூரி மாணவர்கள் என ஆள்பலம் உண்டு. ஒரு நிறுவனம் 5,000 கன்று தருகிறது, நடும் தேதியும் குறித்தாயிற்று. எந்த இனம், எத்தனை அடி இடைவெளி?

ஓதமானி:
தேதியைத் தள்ளிப் போடுங்கள். இனமும் இடைவெளியும் கடைசியில் வரும் கேள்வி. ஓதத் தண்ணீர், அதாவது கடல் ஏறும்போது கழிக்குள் வரும் தண்ணீர், மாதத்தில் எத்தனை நாள் அந்த நிலத்தில் ஏறுகிறது, ஏறியது எவ்வளவு நேரத்தில் வடிகிறது? இது தெரியாமல் நட்டதால்தான் இரண்டு முறையும் போயிருக்கும்.

அளக்கப் பெரிய கருவி வேண்டாம். 2 மீட்டர் பிவிசி குழாயில் செமீ கோடு போட்டு, கழிக்குள் ஒன்று, தாழ்வில் ஒன்று அடித்து நிறுத்துங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள், அட்டமி நவமியை ஒட்டி மூன்று நாள், அரை மணிக்கு ஒரு முறை குறியுங்கள். இரண்டு குழாயின் சுழிக்கோடும் ஒரே மட்டமா என்று கொத்தனாரின் டியூப் லெவலால் பார்த்துவிட வேண்டும். இல்லையென்றால் இரண்டையும் ஒப்பிட முடியாது. சென்னைக் கடலில் பெரிய ஓதத்திலேயே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர் அளவுக்குத்தான் வித்தியாசம், கழிக்குள் அதைவிடக் குறைவு. ஆகவே 20 செமீ மேடே கன்றைக் கொன்றுவிடும்.

இருக்கிற செடிகளும் பாதிக் கதையைச் சொல்லும். சீமைக் கருவேலம் செழித்த இடத்துக்கு ஓதம் எட்டுவதில்லை. உமரி என்ற உப்புச்செடி படர்ந்திருந்தால் எப்போதாவது ஏறுகிறது, உப்பு அதிகம். ஆகாயத்தாமரை இருந்தால் அங்கே கடல்நீர் வரவில்லை, சாக்கடை வருகிறது.

தாழ்வுக்கு மீன்முள் வாய்க்கால்தான் வழி: நடுவில் ஒரு தாய் வாய்க்கால், இருபுறமும் மீன் முள் போலக் கிளைகள். பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து செய்தது. அங்கும் இதே நோய்: காட்டை மொட்டையாக வெட்டியதில் தரை காய்ந்து அமுங்கி, தட்டு போலக் குழிந்து, ஏறிய தண்ணீர் வடியாமல் உப்பு கூடியது. தாய் வாய்க்கால் மேலே சுமார் 3 மீட்டர், அடியில் 1 மீட்டர், ஆழம் 1 மீட்டர். கிளைகள் அதைவிடச் சிறிதாக, சாய்கோணத்தில் பிரியும். அடிமட்டம் கழியை நோக்கிச் சரிய வேண்டும். நேர்ச்சுவராக வெட்டினால் முதல் மழையில் இடியும். வெட்டிய மண்ணை விளிம்பிலேயே குவித்தால் திரும்ப உள்ளேதான் விழும். ஒரு மீட்டராவது தள்ளிப் போட்டு, இடையிடையே திறப்பு விடுங்கள். ஆண்டுதோறும் தூர் வாரப் பணம் ஒதுக்க முடியாதவர்கள் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

இடிபாட்டை எவ்வளவு ஆழம் எடுப்பது? பக்கத்தில் தானாக முளைத்து நிற்கும் வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தின் அடிமண் மட்டம் வரை.

பறி:
மேலே சொன்னது சரி. ஆனால் வரைபடம் போடும் முன் இன்னொன்று. வற்றத்தில் தெரியும் சேற்றுத் திட்டு சும்மா கிடக்கும் இடமில்லை. இருளர்கள் பறி என்ற கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிப்பது அங்கேதான். வலசை வரும் உள்ளான் பறவைகளுக்கு இரையும் அங்கேதான். அங்கே ஒரு கன்றுகூட வேண்டாம்.

செயற்கைக்கோள் படத்தை ஃப்ளெக்ஸில் பெரிதாக அச்சடித்து ஊர்ப் பஞ்சாயத்துக் கூட்டத்தில் விரியுங்கள். வலை கட்டும் இடம், படகு வழி, ஓதம் முதலில் நுழையும் வாய் எல்லாவற்றையும் அவர்களே குறிக்கட்டும். இளைஞர்கள் மட்டும் வந்தால் போதாது. பெண்களும் இருளர் குடியிருப்பும் இருக்க வேண்டும். வாய்க்கால் வெட்டு, நாற்றங்கால், ஆடுமாடு காவல் மூன்றும் கூலி வேலை, குப்பத்துக்கே கொடுங்கள். மாணவர்களுக்கு அளவெடுப்பும் கணக்கெடுப்பும் போதும்.

தாசில்தார் அலுவலகத்தில் அ-பதிவேடு (நில உரிமைப் பதிவேடு), புலப்படம் (அளவை வரைபடம்) பார்த்து நிலம் யாருடையது என்று உறுதி செய்யுங்கள். அலையாத்தியும் சேற்றுப் படுகையும் கடலோர ஒழுங்குமுறையில் முதல் வகை, அதாவது கட்டுப்பாடு மிகக் கடுமையான வகை. ஜேசிபி இறக்கும் முன் வனத்துறை, நீர்வளத் துறை, கடலோர மண்டல ஆணையம் எல்லோரிடமும் எழுத்தில் வாங்குங்கள். நல்ல காரியம்தானே என்று இறக்கினால் வழக்கு உங்கள் மேல்தான் பாயும்.

வடிகால்_வாய்:
சாம்பல் பகுதியில் 10 மீட்டருக்கு ஓரிடம் 2 அங்குலக் குழாயைக் குத்தி உருவுங்கள். வெளிர் அடுக்கு சாம்பல், கீழே கறுப்பு பழைய சேறு. தடிமனைக் குறித்துப் படம் எடுத்து வையுங்கள். வாரிக் கரையில் போடாதீர்கள், காய்ந்தால் ஊருக்குள் பறக்கும். எண்ணூர்ச் சாம்பல் பற்றிப் பசுமைத் தீர்ப்பாயம் 2022-லேயே உத்தரவிட்டிருக்கிறது. கொட்டியவர்தான் அள்ள வேண்டும், உங்கள் அளவு அதற்குச் சான்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவிய கழியும் இது. சேற்றைக் கிளறி வண்ணப் படலம் மிதந்தால் அந்த இடத்தைத் தோண்டாமல் விடுங்கள்.

வடிகாலில் வரும் பிளாஸ்டிக் கன்றில் சுற்றிக்கொண்டு ஓதத்தில் அதைச் சாய்த்துவிடும். 6 அங்குல பிவிசி குழாயின் இரு முனையும் அடைத்து, கீழே 30 செமீ வலை கட்டி மிதக்க விடுங்கள். நேர்குறுக்காக அல்ல, சாய்வாக. குப்பை தானே கரைக்கு ஒதுங்கும். ஒரு முனையில் சட்டென்று கழற்றும் கொக்கி அவசியம். அடைமழையில் தெருவில் தண்ணீர் ஏறினால் முதலில் அறுத்தெறியப்படுவது உங்கள் தடுப்புதான்.

கழிக்கரை:
தேதி தள்ளியாயிற்று. கன்று தரும் நிறுவனத்திடம் வாய்க்கால் செலவைக் கேட்டால், "படம் எடுக்க என்ன இருக்கிறது?" என்கிறார்கள். சரி, நடும்போது விதையா, கன்றா?

ஓதமானி:
முதலில் கணக்கு. 2 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 1,000 கன்று. தாழ்வு 2 ஏக்கர்தான், அதிலும் வாய்க்காலின் சரிவில் மட்டும் நட வேண்டும். 5,000 கன்று வந்தால் மிச்சம் சேற்றுத் திட்டுக்குத்தான் போகும்.

வெண்கண்டலே பிரதானம். பழுத்து விழுந்த விதையைப் பொறுக்கி, துளை விழுந்ததைக் கழித்து, ஊறப்போட்டால் தோல் கழன்றுவிடும். நேரடியாக ஊன்றினால் நண்டு தின்னும். 5-க்கு 8 அங்குலப் பையில் கழிச் சேறு நிரப்பி, ஓதம் தொடும் நாற்றங்காலில் வளர்ப்பது மேல். பையைக் கிழித்து எடுத்துவிட்டு, சரிவின் நடுவில் நடுங்கள். அடியில் நட்டால் நெடுநேரம் மூழ்கித் தண்டில் கொட்டலசு (ஓடுள்ள சிறு கடலுயிரி) ஒட்டும், உச்சியில் நட்டால் கோடையில் காயும். சுரபுன்னை என்ற இன்னொரு அலையாத்தி வாய்க்கால் விளிம்புக்கு, மரத்திலேயே முளைத்துத் தொங்கும் அதன் முளைக்குச்சியில் மூன்றில் ஒரு பங்கு சேற்றுக்குள். தில்லை மரக் கன்றை மாணவர் கையில் கொடுக்காதீர்கள், பால் கண்ணில் பட்டால் ஆபத்து.

கால் பங்கு இடத்தை நடாமலே விடுங்கள். தண்ணீர் சரியாக ஓடினால் விதை தானே வந்து முளைக்கும். முளைக்காவிட்டால் வாய்க்கால் மட்டத்தை மறுபடி பாருங்கள். நிறுவனத்துக்குப் படம்தானே வேண்டும்? ஒரு கம்பம் நட்டு, அதே இடத்திலிருந்து மாதாமாதம் பௌர்ணமி ஏற்றத்திலும் வற்றத்திலும் எடுத்து அனுப்புங்கள்.