மண்வெட்டியோட வந்த தாத்தா

2024 நவம்பர் 20 மழைய நம்ம தீவுல யாரும் மறந்திருக்க மாட்டீங்க, ராமேஸ்வரத்துல ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு, மேகவெடிப்புன்னு டிவில சொன்னாங்க. எனக்கு தங்கச்சிமடத்துல சின்ன மளிகைக்கடை. கடைக்குள்ள முழங்காலுக்கு மேல தண்ணி, கீழ அடுக்குல இருந்த அரிசி, துவரம்பருப்பு எல்லாம் ஊறிப்போச்சு, சீனி மூட்டைய தூக்குனா வெறும் சாக்குதான் கையில வந்துச்சு.

மறுநாள் காலைல ஒரு தாத்தா மண்வெட்டியும் பழைய பெயிண்ட் வாளியுமா வந்து நிக்கிறாரு. எழுபது வயசுக்கு மேல இருக்கும், முன்னப்பின்ன பாத்ததில்ல. நான் தண்ணிய அள்ளி அள்ளி வாசல்ல ஊத்திட்டு இருந்தேன். "ஏப்பா, நீ ஊத்துறது திரும்ப உள்ளதான வருது, மொதல்ல தண்ணிக்கு வழி வெட்டு"ன்னு சொல்லி அவரே ரோட்டோரம் வரைக்கும் வாய்க்கா வெட்ட ஆரம்பிச்சுட்டாரு. மண்ணு மணலும் சகதியுமா சரிஞ்சு சரிஞ்சு விழுது, அவரு அசரவே இல்ல, மதியத்துக்குள்ள தண்ணி வடிஞ்சிருச்சு. அப்பறம் மூட்டைய பிரிச்சு ஈரம் படாத அரிசிய தனியா அள்ளி வச்சாரு, ஒரு பிடிகூட வீணா போகக்கூடாதுங்குற கவனம் அந்தக் கையில இருந்துச்சு.

மூணு நாள் வந்தாரு. பணம் நீட்டுனேன், வாங்கல, டீ மட்டும் குடிச்சாரு. ஏன் தாத்தா இவ்ளோ கஷ்டப்படுறீங்கன்னு கேட்டேன்.

"64 புயல்ல தனுஷ்கோடில இருந்து தப்பிச்சு வந்தப்ப எனக்கு 12 வயசுப்பா. இந்த ஊர்ல ஒரு வீட்ல 11 நாள் வச்சு கஞ்சி ஊத்துனாங்க. பேரு கேக்கணும்னு அப்ப தெரியல. பெரியாளாகி தேடி வந்தா அந்த ஓலவீடு இருந்த எடமே தெரியல. அதான், இங்க தண்ணி வந்தா யாரு வீடுன்னு பாக்குறதில்ல."

எனக்கு பேச்சே வரல. அன்னைக்கு சாயங்காலம் நானும் பக்கத்து வீட்டு அக்காவோட சகதிய அள்ளப் போனேன், அதுவரைக்கும் என் கடைய தவிர எதுவும் என் கண்ணுல படலங்குறதுதான் உண்மை.

கிளம்பும்போது மண்வெட்டிய கடையிலயே சாத்தி வச்சுட்டாரு. "மழக்காலம் இன்னும் முடியலல்ல, கெடக்கட்டும்"னாரு.

*

அண்ணே, படிச்சதும் எங்க தாத்தா ஞாபகம் வந்துருச்சு, நாங்க பாம்பன். அந்தப் புயல்ல பாம்பன் ரயில் பாலத்தோட கர்டர்லாம், அதான் இரும்பு உத்திரம்லாம், கடலுக்குள்ள போயி, ரயில்வே எஞ்சினியர் ஸ்ரீதரன் சார் 46 நாள்ல திரும்ப நிமித்துனாருல்ல, கடல்ல கெடந்த கர்டர தேடுன வேலைல எங்க தாத்தாவும் போனாராம். கூலி எவ்வளவுன்னு ஒருநாளும் சொன்னதில்ல, பாலத்துல மொத ரயில் ஊதுன சத்தத்த மட்டும் சாகுற வரைக்கும் சொல்லிட்டே இருந்தாரு. அந்தப் பெரியவரு இப்ப எங்க இருக்காருன்னு சொல்லுங்கண்ணே, ஒருதடவ போய் பாத்துட்டு வரணும்.