கூகுள் ஷீட்ஸிலிருந்து இறக்கிய கோப்பில் வயல் விபரத்துக்குப் பதிலாக உள்நுழைவுப் பக்கம்: உதவி தேவை

கேள்வி (வெல்லாவெளி, மட்டக்களப்பு)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் கமக்காரர் அமைப்பின் பெரும்போக விதைப்பு விபரங்களைக் கூகுள் ஷீட்ஸில் சேர்த்து வருகிறோம். ஒவ்வொரு கண்டத்துக்கும் (வயற்தொகுதிக்கும்) உரிய வட்டவிதானை, அதாவது அங்கே நீர்ப்பாசனத்தைக் கவனிப்பவர், ஏக்கர், நெல்லினம், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம் ஆகியவற்றைத் தம் கைபேசியிலிருந்தே நிரப்புகிறார். வயற்பக்கம் இணையம் நிலையாகக் கிடைக்காது என்பதால், இரவுதோறும் அந்த விரிதாளை இறக்கி என் மடிக்கணினியில் சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வெற்று உரை அட்டவணையாக) சேமிக்கும் சிறிய பைதான் நிரலை எழுதி, குறித்த நேரத்தில் தானாக இயங்கும்படி விண்டோஸின் டாஸ்க் ஷெடியூலரில் இட்டிருந்தேன். மூன்று வாரங்கள் ஒழுங்காக இயங்கியது.

நேற்றுக் கூட்டத்தில் கோப்பைத் திறந்தால், 'ஏடி 362' என்று நெல்லினத்தின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் எச்டிஎம்எல் (இணையப் பக்க) குறிகள்தான் இருந்தன. முன்னைய நல்ல பிரதியும் இப்போது இல்லை. அத்துடன், நன்றாக இயங்கிய நாட்களிலும் எக்செலில் தமிழ்ப் பெயர்கள் சிதைந்தே தெரிந்தன. எங்கே பிழை விட்டேன்?

பதில் (அக்கரைப்பற்று)

வணக்கம் சகோதரரே. விரிதாளின் பகிர்வை யாராவது 'இணைப்பு உள்ள எவரும்' என்பதிலிருந்து 'கட்டுப்படுத்தப்பட்டது' என்று மாற்றினார்களா என்று முதலில் பாருங்கள். அப்படி மாற்றினால், உங்கள் நிரல் கேட்கும் முகவரி சிஎஸ்வியைத் தராமல் உள்நுழைவுப் பக்கத்துக்கே அனுப்பிவிடும். வந்தது எதுவென்று பார்க்காமல் பழைய கோப்பின் மேலேயே எழுதியதுதான் உண்மையான பிழை. வந்த தரவின் வகை 'டெக்ஸ்ட்/சிஎஸ்வி' தானா, முதல் வரியில் உங்கள் தலைப்புகள் இருக்கின்றனவா என்று சரிபார்த்த பின்னர், தற்காலிகப் பெயரில் எழுதி, முழுமையாக எழுதி முடிந்தால் மட்டும் திகதியிட்ட பெயருக்கு மாற்றுங்கள்.

ஆனால் பகிர்வை மீண்டும் எல்லோருக்கும் திறந்துவிட வேண்டாம் என்று வலியுறுத்திக் கேட்கிறேன். அதில் இருப்பவை கமக்காரர்களின் அடையாள அட்டை இலக்கங்கள். கூகுள் கிளவுட்டில் ஷீட்ஸ் ஏபிஐயை (நிரல்கள் விரிதாளை அணுகும் வழியை) இயக்கி, ஒரு சேவைக் கணக்கை, அதாவது ஆளுக்கன்றி நிரலுக்கென உள்ள கணக்கை, உருவாக்கி, அதன் மின்னஞ்சல் முகவரிக்குப் பார்வையாளர் அனுமதி மட்டும் கொடுத்து, ஜிஸ்பிரெட் என்ற பைதான் நூலகத்தால் படியுங்கள். அந்தக் கணக்கில் நுழையப் பயன்படும் ஜேசன் சாவிக் கோப்பு வேறு எவர் கையிலும் போகக்கூடாது.

தமிழ் சிதைவதற்குக் காரணம், கோப்பு யூடிஎப்-8 என்ற எழுத்துக் குறிமுறையில் இருப்பதை எக்செல் உணராமையே. எழுதும்போது குறிமுறையை 'யூடிஎப்-8-சிக்' (utf-8-sig) என்று கொடுத்தால் சரியாகும்.

பதில் (கல்முனை)

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். 12 இலக்கப் புதிய அடையாள அட்டை எண்ணை எக்செல் 1.99E+11 என்பதுபோல் சுருக்கிக் காட்டும். ஆகவே சிஎஸ்வியை இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், தரவு இறக்குமதி வழியாக அந்த எண்கள் உள்ள நெடுவரிசையை உரை என்று தெரிவுசெய்து திறக்கவும். தொலைபேசி இலக்கத்தின் முன் சுழியம் பெரும்பாலும் விரிதாளில் தட்டும்போதே விழுந்துவிடுவதால், அங்கேயே அந்த நெடுவரிசையை வெற்று உரையாக அமைக்கவேண்டும்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. பகிர்வை மாற்றியவர் எங்கள் செயலாளர்தான். இலக்கங்களைப் பாதுகாக்கவே மாற்றியிருக்கிறார், அவர் செய்தது சரியே. விரிதாளில் தரவு அனைத்தும் அப்படியே இருக்கிறது. சேவைக் கணக்கின் வழியாக நேற்றிரவு இறங்கிய கோப்பில் பெயர்கள் தெளிவாகத் தெரிகின்றன. சுழியம் விழுந்த தொலைபேசி இலக்கங்களை இன்று மாலை வட்டவிதானைமாருடன் உட்கார்ந்து திருத்தவிருக்கிறேன்.