பிரட்னிசலோனைக் குறைத்துக்கொண்டு வந்தபோது

உப்புவெளியிலிருந்து:

அம்மாவுக்கு முடக்குவாதம். பல வருஷமாக பிரட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை போட்டவர். 20 மில்லிகிராமிலிருந்து 10 வரை இறங்கியதில் பெரிய கரைச்சல் இல்லை. 7.5க்குக் கீழே வந்தபோதுதான் வில்லங்கம் தொடங்கியது. காலையில் கட்டிலை விட்டு எழும்பினால் தலை சுற்றும், சுவரைப் பிடித்தபடி நிற்பார். குழம்பு மணம் பட்டாலே ஓங்காளம். தோள், முழங்கால் எல்லாம் உளைவு. வருத்தம் திரும்பிவிட்டது, மருந்தைக் கூட்டச் சொல்லுங்கோ என்று சொந்தக்காரர் எல்லாரும் சொன்னார்கள்.

கிளினிக்கில் டொக்டர் அம்மாவின் விரல் மூட்டுகளை ஒவ்வொன்றாக அமத்திப் பார்த்தார். வீக்கமும் இல்லை, சூடும் இல்லை. "இது வாதம் இல்லை அம்மா, உடம்பு மருந்தைத் தேடுது" என்றார். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பி கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோனைச் சுரக்கிறது. ஒரு நாளைக்குச் சுரப்பது ஏறக்குறைய 5 மில்லிகிராம் பிரட்னிசலோனுக்குச் சமம். வருஷக்கணக்காக மருந்து வெளியிலிருந்து வந்தால் சுரப்பி சோர்ந்துவிடும்; பழையபடி சுரக்க மாதங்கள் எடுக்கும், சிலருக்கு ஒரு வருஷமும் தாண்டும். முகம் ஊதிப்போச்சு என்று ஒரேயடியாக நிறுத்துவது அதனால்தான் உயிருக்கே ஆபத்து.

அப்புறம் குறைப்பதை இன்னும் மெதுவாக்கினார். 5 மில்லிகிராம் குளிசையை நடுக்கோட்டில் உடைத்து, ஒரு நாள் முழுசு, மறுநாள் பாதி. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் போடவேண்டும். கோர்ட்டிசோல் பார்க்க விடியக் காலையில் இரத்தம் எடுத்த அன்று, இரத்தம் கொடுத்த பிறகே குளிசை. அம்மா இப்போது கோணேசர் கோவில் ஏற்றத்தை ஆறுதலாக ஏறுகிறார். எனக்கு அது பெரிய சந்தோஷம்.

உவர்மலையிலிருந்து:

அக்கா, காய்ச்சலைப் பற்றியும் சொல்லவேண்டும். அப்பா சுவாசப்பை வருத்தத்துக்குப் போட்ட பிரட்னிசலோனை முழுதாக விட்டுச் சில மாதம்தான் ஆகியிருந்தது. கடும் காய்ச்சல், விடாத வாந்தி, பிறஷர் நன்றாக இறங்கிவிட்டது. கிளினிக் கொப்பி கையோடு இருந்தபடியால் அவசரப் பிரிவு டொக்டர் பழைய மருந்தைப் பார்த்தவுடனே கோர்ட்டிசோலுக்குப் பதிலாக ஹைட்ரோகோர்ட்டிசோன் ஊசி போட்டார். பின்னேரமே எழும்பி இருந்து தேத்தண்ணீர் கேட்டார்.

குறைத்துக்கொண்டு வருபவர்கள், காய்ச்சல் வந்தால் எவ்வளவு கூட்டிப் போடுவது என்று டொக்டரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வையுங்கோ. குளிசை வயிற்றில் தங்காமல் வாந்தி எடுத்தால் வீட்டில் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. பல் பிடுங்கப் போனாலும், ஒப்பரேஷன் என்றாலும், நிறுத்தி ஒரு வருஷம் ஆகாதவர்களும் இந்தக் குளிசை போட்டதை டொக்டரிடம் சொல்லத்தான் வேண்டும்.