புதுப்பிப்பு: அழித்தாலும் திரும்பி வந்த ஷார்ட்கட் வைரஸ் போய்விட்டது

பென் டிரைவைச் செருகினால் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாகிவிடுகின்றன, அழித்தால் உடனே திரும்பி வருகின்றன என்று போன வாரம் கேட்டிருந்தேன். இன்று சரியாகிவிட்டது.

வேரை விட்டுவிட்டு இலையைக் கிள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன். ஓடும் நிரல்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரில் டபிள்யூஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருந்தது. அது ஸ்கிரிப்ட் எனப்படும் கட்டளைக் கோப்புகளை இயக்கும் விண்டோஸின் சொந்த நிரல், அதை அழிக்கக் கூடாது. அதன் வழியாக ஓடிய விபிஎஸ் என்ற வகை ஸ்கிரிப்ட் கோப்புதான் வைரஸ். முதலில் ஓட்டத்தை நிறுத்தி, கணினியில் நுழைந்ததும் தானாக ஓட வேண்டியவை இருக்கும் ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் இருந்த அந்தக் கோப்பை அழித்தேன். அப்புறம்தான் பென் டிரைவ். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்ப்ட்டில், ‘மறைந்தது’ போன்ற கோப்புக் குறிகளை மாற்றும் அட்ரிப் கட்டளையோடு மைனஸ் எச், மைனஸ் எஸ், ஸ்லாஷ் எஸ், ஸ்லாஷ் டி கொடுத்ததும் மறைந்திருந்த ஃபோல்டர்கள் தெரிந்தன. அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணப் படங்கள் ஒன்றுகூடப் போகவில்லை! விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபென்டரின் ஆஃப்லைன் ஸ்கேனிலும் எதுவும் சிக்கவில்லை.

“ஃபார்மட் செய்துவிடாதீர்கள்” என்று தடுத்த நண்பருக்கு மனமார்ந்த நன்றி.