வீரன்ஸ், சீட்டாஸ், டிராகன்ஸ்: நம்ம டீமைப் பார்த்த கதையைச் சொல்லுங்கள்

காட்பாடி ஜங்ஷன்

வேலூர்ப் பக்கம் ஹாக்கி பார்க்கிறவர்கள் இருக்கிறார்களா என்று போன வாரம் ஆபீஸில் ஒருத்தர் கேட்டார். நம்ம ஊர் என்றால் பளு தூக்குதல், சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் காமன்வெல்த்தில் இரண்டு தடவை தங்கம் வாங்கியவர், ஹாக்கி என்றால் கோவில்பட்டி, இப்படித்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். ஆனால் பழைய வட ஆற்காடு பூராவும் ரயில்வே ஊர்கள்: காட்பாடி, அரக்கோணம், ஜோலார்பேட்டை. ரயில்வே இருக்கிற இடத்தில் ஹாக்கி மட்டை ஒன்றாவது எந்த வீட்டுப் பரண்மேலாவது கிடக்கும். அப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவன் நான். இருபது வருஷமாக நம்ம மாநில டீமைப் பார்த்துக்கொண்டு வருகிறேன். என் கதையைச் சொல்கிறேன், நீங்களும் சொல்லுங்கள்.

2005 ஜனவரியில் பிரீமியர் ஹாக்கி லீக் ஆரம்பித்தது. முதல் வருஷம் ஹைதராபாத்தில் நடந்தது. அதில் சென்னை வீரன்ஸ் என்று ஒரு டீம். எங்கள் வீட்டில் அப்போது கேபிள் கிடையாது, பக்கத்து வீட்டு அத்தை வீட்டில் உண்டு. அப்பா பார்சல் ஆபீஸிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் அங்கே போய் உட்காருவார். ஹாக்கியில் நம்ம ஊர்ப் பெயரை ஸ்கோர் போர்டில் போட்டு டிவியில் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதுவரைக்கும் இந்தியன் பேங்க், ஐ.சி.எஃப், சதர்ன் ரயில்வே என்று பேப்பரில் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி வருமே, அவ்வளவுதான். அப்போதெல்லாம் ஹாக்கி என்றால் 35 நிமிஷம் ஒரு பாதி, இரண்டு பாதி. இந்த லீகில் மட்டும் பதினேழரை நிமிஷமாக நான்கு பங்கு வைத்தார்கள். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை, "என்னடா பஸ்ஸு மாதிரி நின்னு நின்னு போறாங்க" என்றார். இரண்டு நாளில் பழகிவிட்டது.

எனக்கு அப்போது பெனால்டி கார்னர் என்றால் என்னவென்றே தெரியாது. அப்பா அத்தை வீட்டுத் தரையிலேயே நான்கு தீப்பெட்டியை வரிசையாக வைத்து, நடுவில் ஒரு டம்ளரைக் கவிழ்த்து, "டம்ளர்தான் கோல்கீப்பர், இந்த நாலு பேரும் லைனுக்குப் பின்னாடி நிக்கணும், பந்தை அங்கிருந்து தள்ளின பிறகுதான் ஓடி வரலாம்" என்று ஒரு கொட்டைப் பாக்கை விரலால் தள்ளிக் காட்டினார். பாக்கு டம்ளரில் பட்டு 'டிங்' என்றது. இன்றைக்கும் பெனால்டி கார்னர் விசில் ஊதினால் எனக்கு அந்தச் சத்தம்தான் முதலில் கேட்கும்.

அந்த லீக் சில வருஷத்தோடு நின்றுபோனது. 2012இல் வேர்ல்டு சீரீஸ் ஹாக்கி வந்தது, எட்டு டீம், நமக்குச் சென்னை சீட்டாஸ். இந்தத் தடவை ஆட்டம் எழும்பூரிலேயே, மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில். அப்பா லீவு போட்டார், அம்மா புளிசாதம் கட்டிக் கொடுத்தார், இரண்டு பேரும் ரயில் ஏறினோம். ஆட்டத்துக்கு முன்னால் டர்ஃபில், அதாவது செயற்கைப் புல் தரையில், தண்ணீர் பீய்ச்சி அடிப்பார்கள், பார்த்திருக்கிறீர்களா? வெயில் நேரத்தில் அந்த ஈரத்திலிருந்து ஒரு வாசனை வரும், புது டயரும் மழையும் கலந்த மாதிரி. அப்பா வாழ்க்கை முழுக்க மண்ணில் ஆடியவர், கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடிந்து ஒரு வெளிநாட்டு வீரர் தடுப்புக் கம்பி ஓரமாக நடந்து வந்தார். அப்பா கையை நீட்டி, அவர் மட்டையைக் காட்டினார். அந்த ஆள் முதலில் கையெழுத்துக் கேட்கிறார் என்று நினைத்துப் பேனா தேடினார். அப்பா தலையாட்டிவிட்டு மட்டையையே கேட்டார். கொடுத்தார். அப்பா அதைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, ஒரு கண்ணை மூடி, ஆசாரி பலகை பார்ப்பாரே, அப்படி நீட்டிப் பார்த்து, வளைவின்மேல் கட்டைவிரலை மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்தார். "நாங்க மல்பெரி மரத்துல ஆடினோம் சார், இது கம்பி மாதிரி இருக்கு" என்று தமிழிலேயே சொன்னார். அவருக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. ஆனால் தோளில் ஈரத் துண்டோடு, அப்பா பார்த்து முடிக்கிற வரைக்கும் அவசரப்படாமல் நின்றார். அதை நான் மறக்கவே மாட்டேன்.

சீட்டாஸ் அந்த வருஷம் அரையிறுதிக்குப் போகவில்லை. சரி, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்தோம். அடுத்த வருஷம் என்று ஒன்று வரவே இல்லை, இரண்டாவது சீசன் நடக்கவில்லை. 2013இல் ஹாக்கி இந்தியா லீக் தொடங்கியது. ராஞ்சி இருந்தது, மும்பை இருந்தது, டெல்லி, பஞ்சாப், உத்தரப் பிரதேசம் எல்லாம் இருந்தன, அடுத்த வருஷம் கலிங்கா லான்சர்ஸும் வந்தது. 2017 வரைக்கும் தமிழ்நாட்டுக்கு ஒரு டீம் கிடையாது. ஒவ்வொரு ஜனவரியும் அப்பா கேட்பார், "நம்ம டீம் இருக்காடா?" இல்லை என்று ஐந்து வருஷம் சொன்னேன். அதற்கப்புறம் லீகே நின்றுவிட்டதால் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

அரக்கோணம் ரிட்டயர்டு

தம்பி, உங்கள் அப்பாவின் தீப்பெட்டிக் கதை படித்துக் கண் கலங்கிவிட்டது. ஆனால் நீங்கள் 2005இல் ஆரம்பிக்கிறீர்கள், எங்களுக்கு அதற்கு முன்னாலேயே டீம் இருந்தது. ரயில்வேதான் எங்கள் டீம். காலையில் டிக்கெட் செக் பண்ணுகிறவர் சாயங்காலம் மட்டை தூக்கிக்கொண்டு பிராக்டிஸுக்குப் போவார். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை, விளையாட்டுதான் அவர்களுக்குச் சோறு. லீக், ஏலம் எல்லாம் வருவதற்கு முன்னால் இந்த நாட்டில் ஹாக்கிக்காரர்களைக் காப்பாற்றியது ரயில்வேயும் பேங்கும் ஐ.சி.எஃப் மாதிரி தொழிற்சாலைகளும்தான். அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

என் அனுபவம் ஒன்று. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்ஸ் ஃபைனல், ஸ்பெயினோடு. நம்ம வாசுதேவன் பாஸ்கரன் கேப்டன். குவார்ட்டர்ஸில் ஒரே வீட்டு வாசலில் ரேடியோவை வைத்துப் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். கமென்டரி இந்தியில் வந்தது, எங்களில் ஒருத்தருக்குத்தான் இந்தி தெரியும், அவர் சொல்லச் சொல்லக் கேட்டோம். மூன்று கோல் போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருந்த நேரத்தில் ஸ்பெயின்காரன் 3-2 ஆக்கிவிட்டான். அப்போது அந்த மொழிபெயர்ப்பாளர் பதற்றத்தில் மொழிபெயர்க்கிறதையே நிறுத்திவிட்டு ரேடியோவில் காதை ஒட்டிக்கொண்டார். நாங்கள் அவர் முகத்தைப் பார்த்துத்தான் ஆட்டம் தெரிந்துகொண்டோம். ஷாஹித் நான்காவது கோல் போட்டதும் அவர் எழுந்து நின்றார், நாங்களும் நின்றோம். 4-3 என்று முடிந்தது. ஆடவர் ஹாக்கியில் இந்தியா கடைசியாக ஒலிம்பிக் தங்கம் வாங்கியது அன்றைக்குத்தான்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். வீரன்ஸ் வேறே, சீட்டாஸ் வேறே, ஹாக்கி இந்தியா லீக் திரும்ப வந்தபோது வந்த தமிழ்நாடு டிராகன்ஸ் வேறே. முதலாளி வேறே, லீக் வேறே, சட்டைகூட வேறே. மூன்றையும் ஒரே டீம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

குடியாத்தம் கோல்கீப்பர்

அண்ணா, சார், இரண்டு பேருக்கும் வணக்கம். நான் பள்ளியில் கோல்கீப்பர். எந்தப் பள்ளி என்று வேண்டாம். பெண்கள் டீமுக்கு மட்டை கொடுத்தார்கள், கோல்கீப்பர் காலில் கட்டுகிற பேட் கொடுக்கவில்லை. "கோலுக்கு முன்னாடி நிக்கிறதுக்கு எதுக்கும்மா அதெல்லாம்" என்றார்கள். முதல் வருஷம் கிரிக்கெட் பேடைக் கட்டிக்கொண்டு நின்றேன், பந்து முழங்கால் பக்கவாட்டில் பட்டு ஒரு வாரம் மாடிப்படி ஏற முடியவில்லை. என் மாமா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தார். அவர் என் காலைப் பேப்பரில் வைத்து அளவெடுத்துக்கொண்டு போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஷூவுக்குள்ளே வைக்கிற ஃபோமை அடுக்கடுக்காக ஒட்டி, மேலே கழிவுத் தோல் வைத்து, ஷூவுக்குப் போடுகிற அதே இரட்டைத் தையல் போட்டு இரண்டு பேட் கொண்டு வந்தார். ஒன்று கறுப்பு, ஒன்று பிரவுன், கிடைத்த தோல் அது. மூன்று வருஷம் தாங்கியது. ஒரு தையல்கூடப் பிரியவில்லை.

2007 செப்டம்பரில் ஆசியக் கோப்பை ஃபைனலுக்கு எங்கள் பி.டி. டீச்சர் சொந்தக் காசில் எங்கள் ஆறு பேரை எழும்பூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். கொரியாவை 7-2 என்று அடித்தோம். எல்லாரும் கோலைப் பார்த்துக் குதித்தார்கள். நான் இரண்டு பக்கத்துக் கோல்கீப்பரையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து அந்தப் பக்கம் இருக்கும்போதுகூட நம்ம கோல்கீப்பர் ஒரு நொடி சும்மா நிற்கவில்லை, கத்திக்கொண்டே இருந்தார், டிஃபெண்டர்களைக் கையால் இடம் மாற்றிக்கொண்டே இருந்தார். கோல்கீப்பரின் வேலையில் பாதி வாயில்தான் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அடுத்த மேட்சில் நான் கத்தின கத்தலில் எங்கள் சென்டர் ஹாஃப் அழுதுவிட்டாள், ஆனால் கோல் விழவில்லை.

டிராகன்ஸ் பற்றிச் சொல்ல வேண்டும். 2024 டிசம்பரில் லீக் திரும்ப வந்தபோது நம்ம டீமில் அயர்லாந்து டேவிட் ஹார்ட் இருக்கிறார் என்று படித்ததும் நான் சமையலறையில் தனியாகக் கை தட்டினேன். உலகத்தின் சிறந்த கோல்கீப்பர் என்று இரண்டு தடவை பெயர் வாங்கியவர், நம்ம சட்டையில்! அரையிறுதி பெங்கால் டைகர்ஸோடு, சமனில் முடிந்து ஷூட்அவுட் வரைக்கும் போனது. என் குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே போனில் பார்த்தேன். ஷூட்அவுட்டில் கோல்கீப்பரை நோக்கித் தனியாகப் பந்தோடு வருகிறவனுக்குக் கோல் போட எட்டு நொடி. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமில்லை மாதிரி இருக்கும். உள்ளே நின்றால் அந்த எட்டு நொடி பெரிய நேரம். ஓடி வருகிறவன் இடதா வலதா, நான் படுக்கணுமா நிற்கணுமா, முதலில் அசைகிறவர்தான் தோற்பார். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டே எட்டு எண்ணினேன், ஒவ்வொரு தடவையும். தோற்றோம். குழந்தை எழுந்துவிட்டது, நான் அழுததில்.

மேல்விஷாரம் பாய்

அஸ்ஸலாமு அலைக்கும். நான் தோல் ஷாப்பில் நைட் ஷிஃப்ட். டிராகன்ஸ் ஆட்டம் ரூர்கேலாவில் நடந்தபோது இடைவேளையில் நாங்கள் நாலு பேர் ஒரே போனில் பார்த்தோம், ஆளுக்கு ஒரு நாள் நெட் பேக். எங்களுக்குக் கார்த்தி செல்வம்தான். அரியலூர்ப் பையன். 2022 ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானோடு ஒன்பதாவது நிமிஷத்தில் கோல் போட்டானே, அன்றையிலிருந்து. 2023இல் எழும்பூரில் ஆசியன் சாம்பியன்ஸ் டிராஃபி நடந்தபோது மலேசியாவோடு நடந்த லீக் மேட்சுக்கு நேரில் போனேன், அவன்தான் முதல் கோல். ஸ்டேடியமே "கார்த்தி கார்த்தி" என்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத பெரியவர் என் தோளைப் பிடித்து உலுக்கி, "நம்ம புள்ள, நம்ம புள்ள" என்றார். ஃபைனலில் அதே மலேசியாவோடு 1-3 என்று பின்தங்கி 4-3 என்று ஜெயித்தோம். அதற்கு லீவு கிடைக்கவில்லை, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

காட்பாடி ஜங்ஷன்

அரக்கோணம் சார், உங்கள் கேள்வி நியாயமானது. யோசித்தேன். முதலாளி மாறினார், சட்டை மாறியது, உண்மைதான். வீரன்ஸில் ஆடியவர்கள் யாரும் டிராகன்ஸில் ஆடவில்லை. ஆனால் அப்பா ஒரு தடவைகூட டீம் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை, "நம்ம டீம்" என்றுதான் கேட்பார். நீங்களும் ரயில்வேயை அப்படித்தானே சொல்கிறீர்கள், அங்கேயும் ஆள் மாறிக்கொண்டேதான் இருந்திருப்பார்கள். எனக்கு இதற்குமேல் பதில் தெரியவில்லை சார்.

குடியாத்தம் தங்கச்சி, உங்கள் மாமா தைத்த பேட் இன்னும் இருந்தால் பத்திரமாக வையுங்கள். தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. 2026 ஜனவரியில் லீக் எழும்பூருக்கு வந்தது. பதினான்கு வருஷம் கழித்து நம்ம டீம் நம்ம மண்ணில். அப்பாவுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது, முழங்கால் சரியில்லை, டாக்டர் படி ஏறாதீர்கள் என்றார். ஏலகிரி எக்ஸ்பிரஸில் காலையிலேயே போய்விட்டோம், மத்தியானம் சொந்தக்காரர் வீட்டில் படுக்க வைத்தேன். ஸ்டேடியத்தில் படிக்கட்டு வந்ததும் நான் ஒரு பக்கம், என் பையன் ஒரு பக்கம் பிடித்தோம், அவர் எங்கள் கையை உதறிவிட்டுக் கம்பியைப் பிடித்துத் தானே ஏறினார். தரை இப்போது நீலம். தண்ணீர் பீய்ச்ச ஆரம்பித்ததும் பேசுவதை நிறுத்திவிட்டார். முதல் பெனால்டி கார்னர் வந்தது. என் பையன், "தாத்தா, ஏன் எல்லாரும் கோலுக்குள்ளே போய் நிக்கிறாங்க?" என்று கேட்டான். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, சட்டைப் பையைத் தடவினார். தீப்பெட்டி இல்லை, உள்ளே விடமாட்டார்கள். கடலைப் பொட்டலத்தைப் பிரித்து நான்கு கடலையைத் தொடையில் வரிசையாக வைத்தார். தண்ணீர் பாட்டில் மூடியைக் கழற்றி நடுவில் வைத்தார்.

அதற்குள் அந்தக் கார்னரை ஆடி முடித்துவிட்டார்கள். நாங்கள் மூன்று பேரும் பார்க்கவில்லை.

அரக்கோணம் சார், அடுத்த சீசனுக்கு நீங்களும் வாருங்கள். ஏலகிரி உங்கள் ஊரிலும் நிற்கும், கடைசியிலிருந்து இரண்டாவது பெட்டியில் இருப்போம், ஜன்னல் சீட்டு அப்பாவுக்கு, அவருக்கு எதிர் சீட்டு உங்களுக்கு. மேல்விஷாரம் பாய், இந்தத் தடவை லீவை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.