பேரலைத் தொடாத ஹேண்ட்கார்டு: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

கோத்தகிரி மேட்டுத்தெரு:

லீவுல ஊர்ல இருக்கேன், வேலை டெக்சஸ்ல. அங்க வெச்சிருக்கறது ஏஆர்-15, சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏத்திக்கற செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள், 16 இஞ்ச் பேரல் (குழல்). அதோட வந்த ரெண்டு துண்டு பிளாஸ்டிக் ஹேண்ட்கார்டை, அதாவது பேரலைச் சுத்திக் கை பிடிக்கற உறையைக் கழட்டிட்டு, பேரலைத் தொடாத ஃப்ரீ ஃப்ளோட் மாட்டலாம்னு போன வருஷம் இறங்கினேன். பேரலை எதுவும் தொட்டு அழுத்தாம இருந்தாதான் குறி மாறாம இருக்கும், அதுக்குத்தான்.

எனக்கு எடை ஒண்ணுதான் கண்ணுல பட்டுச்சு. 13 இஞ்ச், 200 கிராமுக்கும் கீழ. பெட்டியைப் பிரிச்சுக் கையில எடுத்தப்ப உள்ள ஒண்ணுமே இல்லையோன்னு தோணுச்சு, அவ்வளவு லேசு.

100 கஜத்துல மணல் மூட்டை மேல வெச்சுச் சுட்டா அஞ்சு தோட்டாவும் ஒரு எலுமிச்சம்பழ அகலத்துக்குள்ள. அதே துப்பாக்கி, அதே தோட்டா, ஸ்லிங்கை (துப்பாக்கியோட தோள் பட்டையை) கையில சுத்தி இறுக்கிப் பிடிச்சுச் சுட்டா நாலு விரக்கடை கீழ போயிடுது. மூச்சு சரியில்ல, விரல் சரியில்லன்னு ரெண்டு வாரம் என்னையே திருத்திக்கிட்டு இருந்தேன்.

பக்கத்து மேசையில ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். கேக்காமலே எழுந்து வந்தார். துப்பாக்கி காலியான்னு ரெண்டு தடவை பார்த்தார். டார்கெட் தாள்ல நீளமா ஒரு பட்டை கிழிச்சு, ஹேண்ட்கார்டோட பக்கவாட்டு ஓட்டை வழியா, பேரல் மேல மாட்டியிருக்கற கேஸ் பிளாக்ங்கற சின்னக் கட்டைக்கும் ஹேண்ட்கார்டோட கூரைக்கும் நடுவுல விட்டார். சுலபமா போய் வந்துச்சு. "இப்ப ஸ்லிங்கை இழு"ன்னார். இழுத்தேன். தாள் சிக்கிக்கிச்சு. அசைக்கவே முடியல.

அந்தத் தாள் சிக்கின நொடி இன்னும் மனசை விட்டுப் போகல. பேரலை எதுவுமே தொடக் கூடாதுன்னு காசு கொடுத்து வாங்கின பொருள், நான் இழுத்தவுடனே வளைஞ்சு பேரல் மேலயே உக்காந்திருக்கு. உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருக்கா?

வெலிங்டன் பழைய ஹவில்தார்:

தம்பி, எங்க காலத்துல இதுக்குப் பேரே கிடையாது, ஆனா வியாதி இருந்தது. எஸ்எல்ஆர்னு அப்ப ராணுவத்துல இருந்த ரைஃபிள், 7.62 மில்லிமீட்டர் தோட்டா, இஷாப்பூர் ஃபேக்டரியில செஞ்சது. அதுல முன்பக்க ஸ்லிங் வளையம் பேரல் மேலயே இருக்கும். ரெஜிமெண்டுக்கு வந்த புதுசுல ஃபயரிங் ரேஞ்சுல நான் பட்டையை முறுக்கி இழுத்து, நல்லா கெட்டியா பிடிச்சுட்டேன்னு நினைச்சு சுட்டேன். அத்தனையும் கீழ. பயிற்சி கொடுக்கற உஸ்தாத் வந்து என் முழங்கையைத் தட்டி பட்டையைத் தளர்த்தினார். "குழலை இழுக்காதே, அது உன் மாடு இல்ல" அப்படின்னார். அடுத்த அஞ்சும் நடுவுல.

காரணம் சொல்லித் தரல. இன்னிக்கு உங்க தாளைப் படிச்சப்பதான் முப்பது வருஷம் கழிச்சுப் புரியுது.

ஆனா ஒண்ணு. கிராம் கணக்கு பார்க்கறது எனக்கு ஒத்து வரல. ஒரு 7.62 தோட்டா சுமார் 24 கிராம். 20 போட்டா அரைக் கிலோ பக்கத்துல வந்திடுது, மேகசின் எடை தனி. அதைத் தூக்கிக்கிட்டு மலை ஏறினோம். சில கிராம் மிச்சம் பிடிக்கப் போய் குறியைக் கோட்டை விடறதா?

ஊட்டி ஃபெர்ன்ஹில்:

எங்களோடது செமி ஆட்டோமேட்டிக் இல்ல, மகள் போட்டிக்குப் பழகற .22 போல்ட், ஒவ்வொரு தடவையும் கையால இழுத்துத் தோட்டா ஏத்தணும். பேரலைத் தாங்கற ஸ்டாக் மரம். ஏப்ரல்ல நல்லா சுட்டுக்கிட்டு இருந்தவ, ஜூலையில மழை பிடிச்சு பத்து நாள் வெயிலே தலை காட்டாம போனப்புறம், கீழ கோவை ரேஞ்சுல நிலைகொள்ளாம தவிச்சா. முதல் பத்து ஒரு பக்கம், அடுத்த பத்து வேற பக்கம். 50 மீட்டர்ல பத்து மார்க் வட்டமே 10.4 மில்லிமீட்டர்தான், அதுல இது எங்க தாங்கும்?

வீட்டுக்கு வந்து அவளே ஒரு பத்து ரூபா நோட்டை எடுத்து பேரலுக்குக் கீழ விட்டுப் பின்னாடி இழுத்துக்கிட்டே வந்தா. பாதியில நின்னுச்சு. மரம் ஈரம் குடிச்சு ஊதி, வலது பக்கம் பேரலை முட்டிக்கிட்டு இருந்திருக்கு. "அப்பா, என் மேல தப்பில்ல"ன்னு சொன்னா. அந்தக் குரல்தான் எனக்கு இன்னும் கேக்குது. அதுக்கு முந்தின ராத்திரி அவளைக் கவனம் போதலைன்னு திட்டியிருந்தேன்.

ஹவில்தார் அய்யா, மன்னிக்கணும், கிராம் கணக்கை அப்படித் தள்ளிட முடியாது. நின்னு சுடறப்ப முன்னாடி தொங்கற எடை, பின்னாடி இருக்கற அதே எடையை விட ரொம்ப இழுக்கும். பதினாலு வயசுப் பிள்ளை தோளுக்கு அது நல்லாவே தெரியும்.

குன்னூர் லேத் பட்டறை:

என் கதை சின்னது. அரிசோனாவுல இருக்கற அக்கா பையன் வீடியோவுல காட்டி "மாமா, 7075 அலுமினியம், அதனால மெலிசா செஞ்சிருக்கான், வளையவே வளையாது"ன்னான். நான் நம்பல. அவன் மாட்டினான், சூடானப்புறம் கையே வைக்க முடியலன்னு ஃபோன் பண்ணினான். அவ்வளவுதான்.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்றேன். அப்பா அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியில இருந்தவர், நான் இருபத்தெட்டு வருஷமா உலோகம் கடையறேன்.

7075 பலமானதுதான், சந்தேகமில்ல. அடி வாங்கினா 6061ங்கற இன்னொரு அலுமினியம் நெளியற இடத்துல இது நெளியாது. ஆனா பலம் வேற, விறைப்பு வேற. ரெண்டுக்கும் விறைப்பு கிட்டத்தட்ட ஒண்ணுதான், 70 ஜிகாபாஸ்கல் பக்கம். ஒரே வடிவத்துல ரெண்டையும் செஞ்சு ஸ்லிங்கால இழுத்தா ஒரே அளவுதான் வளையும். பலமா இருக்கேன்னு சுவரை மெலிசாக்கினா இன்னும் அதிகமாத்தான் வளையும். மெக்னீசியம் இன்னும் லேசு, விறைப்பு 45தான். கார்பன் ஃபைபர் சூட்டைக் கைக்குச் சீக்கிரம் கடத்தாது, ஆனா நெசவும் ரெசினும் ஒவ்வொருத்தர்கிட்ட ஒவ்வொரு மாதிரி.

விறைப்பு வேணும்னா குழாய் அகலமா இருக்கணும். அதே எடையில மெலிஞ்ச சுவரோட அகலமான குழாய், தடிச்ச சுவரோட ஒடுங்கின குழாயை விடக் கம்மியா வளையும். இப்ப எல்லாரும் கைக்கு அடக்கமா ஒடுக்கமா கேக்கறாங்க, அதுல உள்ளே இருக்கற இடைவெளியும் போச்சு. மேட்டுத்தெரு தம்பிக்கு தாள் சிக்கினது ரெண்டும் சேர்ந்துதான்.

அடுத்தது எல்லாரும் விடற இடம்: பேரல் நட், பேரலைத் துப்பாக்கி உடம்போட இறுக்கற நட்டு. ஃப்ரீ ஃப்ளோட் ஹேண்ட்கார்டு மொத்தமும் அந்த ஒரு நட்டைப் பிடிச்சுத்தான் தொங்குது, முன்னாடி தாங்க ஆளில்ல. நட்டு மேல எவ்வளவு நீளம் ஏறி உக்காருதுன்னு பாருங்க. எடை குறைக்கறேன்னு அந்த நீளத்தைக் குறைச்சிருந்தா வாங்காதீங்க. திரும்பாம பிடிக்கற நாக்கு இருக்கான்னு பாருங்க. பழைய ராணுவ நட்டுக்கு 30ல இருந்து 80 அடி-பவுண்டு வரைக்கும் முறுக்கம், கேஸ் டியூப் (கேஸ் பிளாக்குல இருந்து பின்னாடி வர்ற சின்னக் குழாய்) போற பல்லிடுக்கு நேரா வர்ற வரைக்கும். இந்தப் புது நட்டு பலதுல பல்லே கிடையாது, ஷிம்னு மெல்லிசான தகடு வெச்சு நேராக்கணும், முறுக்கம் எவ்வளவுன்னு செஞ்சவன் காகிதத்துல இருக்கறதைத்தான் கேக்கணும்.

எடை போட்டிருந்தா நட்டோட சேர்த்தா, சேர்க்காமலான்னு பாருங்க. ஸ்டீல் நட்டுன்னா அங்கதான் கணக்கு மாறும்.

ஹேண்ட்கார்டுல உதிரி மாட்டற ஓட்டை முறை: எம்-லாக், கீமாட்னு ரெண்டு இருக்கு, எம்-லாக் எடுங்க. கீமாட் 2012ல வந்தது, எம்-லாக் 2014ல. அப்புறம் அமெரிக்கக் கடற்படையோட கிரேன் ஆய்வுக்கூடம் ரெண்டையும் சோதிச்சுப் பார்த்ததுல எம்-லாக்தான் முந்துச்சு. இன்னிக்கு உதிரி கிடைக்கறதும் அதுக்குத்தான். மேல்பக்கம் முழு நீளத்துக்கும் ரெயில் (சைட் மாட்டற பட்டை) வேணாம்னா எடை இன்னும் குறையும், ஆனா முன்பக்க இரும்பு சைட் மாட்டறவங்களுக்கு முனையில கொஞ்சமாவது வேணும். அந்த சைட் ஹேண்ட்கார்டு மேல நிக்கறப்ப ஹேண்ட்கார்டு வளைஞ்சா சைட்டும் சேர்ந்து வளையும், அதையும் யோசிங்க.

கூடலூர் தேவாலா:

குன்னூர் அண்ணா, இவ்வளவும் சரி, ஆனா ஊர்ல இருந்து படிக்கறவங்க யாராவது "அங்கிருந்து ஒண்ணு கொண்டு வாடா"ன்னு சொல்லிடப் போறாங்க. எங்க சித்தப்பா மகன் சொன்னான். பழசாப் போன ஹேண்ட்கார்டு ஒண்ணை, சும்மா அலுமினியக் குழாய்தானேன்னு பெட்டியில போட்டுக்கிட்டு வந்தான். ஏர்போர்ட்ல எக்ஸ்ரே பார்த்தவர் பெட்டியைத் தனியா எடுத்து வெச்சுட்டார். எங்க சித்தி வெளிய அஞ்சு மணி நேரம் நின்னாங்க. சாப்பிடல, தண்ணி குடிக்கல. உள்ள என்ன நடக்குதுன்னே தெரியாம "என் பிள்ளை என்ன பண்ணிட்டான்"னு என் கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தாங்க. அந்தக் கை நடுங்கினது எனக்குத்தான் தெரியும்.

1959 ஆயுதச் சட்டத்துல ஆயுதம்ங்கற சொல்லுக்குள்ளயே அதோட பாகங்களும் வருது. இறக்குமதிக்கு உரிமம் வேணும். ஏஆர்-15 மாதிரி செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் இங்க சாதாரண உரிமத்துல கிடைக்கறதும் இல்ல. தயவுசெஞ்சு யாரும் கொண்டு வர வேணாம்.

வெலிங்டன் பழைய ஹவில்தார்:

ஊட்டிக்காரரே, முன்னாடி தொங்கற எடை பத்திச் சொன்னது நியாயம். நான் தோட்டாக் கணக்கை வயித்துக்கிட்ட இருக்கற மேகசினுக்குச் சொன்னேன், நீங்க குழல் முனைக்குச் சொல்றீங்க. பிள்ளைகிட்ட அந்த நோட்டு விஷயத்தை நான் மெச்சினேன்னு சொல்லுங்க. ஸ்டாக்கை அப்புறம் என்ன பண்ணீங்க?

ஊட்டி ஃபெர்ன்ஹில்:

சொல்றேன் அய்யா. தெரிஞ்ச துப்பாக்கி மெக்கானிக்கிட்ட கொடுத்து உள்பள்ளத்தைத் தேய்ச்சு, வெறும் மரமா இருந்த இடத்துக்கெல்லாம் வார்னிஷ் போட்டோம். வெளியே பளபளன்னு இருந்த மரம், உள்ளே பூச்சே இல்லாம இருந்திருக்கு. இப்ப மழைக்காலத்துல வாரம் ஒரு தடவை அவளே நோட்டு விட்டுப் பார்க்கறா.

கோத்தகிரி மேட்டுத்தெரு:

எல்லாருக்கும் நன்றி. குன்னூர் அண்ணா, நான் கடைசியில எடுத்தது நீங்க சொன்ன மாதிரியே கொஞ்சம் அகலம், நட்டுல நீளமா உக்காருது, எல்லாம் சேர்த்து 290 கிராம். கையில எடுத்தா வித்தியாசம் தெரியுது, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஸ்லிங்கைச் சுத்தி முழு பலத்தோட இழுத்துப் பிடிச்சுக்கிட்டு, நண்பனைத் தாள் விடச் சொன்னேன். போய் வந்துச்சு. குறியும் கீழ இறங்கல.

அந்தப் பெரியவர்கிட்ட காட்டலாம்னு அதே நேரத்துக்கு நாலு சனிக்கிழமை போனேன். அவர் வரல. பேர் கூடக் கேட்டு வெச்சுக்கல.