கழுத்து அடிக்கு பிசியோதெரபி: தண்டையார்பேட்டை பக்கம் யாரையாவது தெரியுமா?

வணக்கம். டி.எச். ரோடு சிக்னலில் நின்றிருந்த என் தம்பியின் ஆட்டோவைப் பின்னால் வந்த வேன் இடித்துவிட்டது. ரத்தக் காயம் இல்லை, எக்ஸ்ரேயிலும் எலும்பு நன்றாகவே இருக்கிறது. ஆனால் மாதக்கணக்காகக் கழுத்து வலி, தலைவலி, தூக்கமே இல்லை. பின்னால் திரும்பிப் பார்க்க முடியாததால் வண்டி எடுப்பதில்லை, வருமானமும் நின்றுபோச்சு. சொந்தக்காரர்கள் சிலர் நடிக்கிறான் என்கிறார்கள். வலியைவிட அதுதான் அவனை நோகடிக்கிறது.

இது நடிப்பில்லை. இப்படி இடிபடும்போது தலை சட்டென்று பின்னும் முன்னும் வெட்டி, கழுத்தின் தசையும் நாரும் காயப்படும். எக்ஸ்ரேயில் அது தெரியாது. விப்லாஷ் என்கிறார்கள். பல ஆய்வுகளைத் திரட்டி 2008இல் வெளியான அறிக்கைப்படி, இந்த அடி பட்டவர்களில் சுமார் பாதிப்பேருக்கு ஓராண்டு கழித்தும் கழுத்து வலி இருந்திருக்கிறது.

கழுத்தில் காலர் பட்டை மாட்டிக்கொண்டு அசையாமல் கிடப்பதைவிட, மெல்ல மெல்ல அசைத்துப் பழகுவதே நல்லதாம். அதைக் கூட இருந்து சொல்லித்தர ஆள் வேண்டும். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் பிசியோவுக்குச் சீட்டு எப்படி வாங்குவது? புதுவண்ணாரப்பேட்டை பக்கம் கட்டணம் குறைவாக யாராவது பார்க்கிறார்களா? அப்புறம், இதிலிருந்து மீண்டவர்கள் அவனிடம் போனில் கொஞ்சம் பேசினால் பெரிய உதவி. இன்பாக்ஸில் சொல்லுங்கள்.